தோட்டத்துச் சாமான் கொட்டகையைக் கோழிக்கூண்டாக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்து மூலையில் நிற்கும் சிறிய சாமான் கொட்டகையைக் கோழிக்கூண்டாக மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. வீட்டுத் தேவைக்கு நாலு கோழியிலிருந்து ஒரு டஜன் வரை வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மரக் கொட்டகை, தகரக் கொட்டகை இரண்டுக்கும் பொருந்தும்.

புதிதாக ஒரு கூண்டு வாங்குவதைவிட இது நல்லதா?

கொட்டகை உறுதியாக இருந்தால் நல்லது, சந்தேகமே வேண்டாம். முதல் காரணம் உயரம். நீங்கள் உள்ளே போய் நிமிர்ந்து நிற்கலாம். கடையில் விற்கும் சின்னக் கூண்டுகளுக்குள் குனிந்து, கையை நீட்டி, மூலையில் கிடக்கும் எச்சத்தைச் சுரண்ட வேண்டும். அதனாலேயே சுத்தம் செய்வது தள்ளிப்போகும், கோழிக்கு நோய் வரும். நின்றபடி கூட்டி அள்ள முடிகிற கூண்டு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சாமான் கொட்டகையைக் கட்டியவர் மண்வெட்டியையும் உர மூட்டையையும் மழையில் நனையாமல் மூடி வைக்கத்தான் கட்டினார். மண்வெட்டி மூச்சு விடாது. கோழி விடும். இரவு முழுக்க எச்சமும் போடும், அந்த எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி இரண்டே விஷயம்: காற்று வரப் போக வழி திறப்பது, திருட்டு விலங்கு நுழையும் வழியை அடைப்பது. முட்டைப் பெட்டி, உட்காரும் கம்பு எல்லாம் அதற்குப் பிறகு ஒரே நாளில் முடிகிற வேலை.

எந்தக் கொட்டகையை விட்டுவிட வேண்டும்?

ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தரையை ஒட்டிய மரச்சட்டங்களில் குத்திப் பாருங்கள். நுனி சுலபமாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. ஒன்றிரண்டு சட்டங்கள் என்றால் மாற்றிக்கொள்ளலாம். நாலு பக்கமும் அப்படியென்றால் வேறு வழி பாருங்கள்.

உள்ளே முன்பு என்ன வைத்திருந்தார்கள் என்று யோசிப்பதும் முக்கியம். பூச்சிமருந்து, எலி மருந்து, பெட்ரோல், பழைய எஞ்சின் ஆயில் சிந்திய மரத்தரை என்றால் தேய்த்துக் கழுவினால் போதாது, பலகையையே கழற்றிவிடுங்கள். கோழி கண்ணில் படுவதையெல்லாம் கொத்திப் பார்க்கும். பழைய பெயின்ட் பொருக்காக உதிர்ந்தாலும் இதே ஆபத்து. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். சுரண்டினால் அந்தத் தூள் உங்கள் மூச்சில் போகும், கோழி கொத்தினால் முட்டைக்கே வரும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். அதன் நார் நுரையீரலுக்குக் கேடு. ஷீட் விரிசல் விட்டிருந்தால், அதைக் கழற்றத் தெரிந்தவர்களை வைத்து அகற்றிய பிறகுதான் மற்ற வேலை.

எத்தனை கோழி வளர்க்கலாம்?

நடுத்தர அளவுக் கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அடிக்கு 8 அடி கொட்டகை என்றால் 48 சதுர அடி, 12 கோழி. அது உச்ச வரம்பு. எட்டோடு நிறுத்தினால் நீங்களும் கோழிகளும் நிம்மதியாக இருப்பீர்கள். நெருக்கடி வந்தால் ஒன்றையொன்று இறகைப் பிடுங்கும், ரத்தம் வந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கொத்தும். அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டால் நிறுத்துவது கடினம்.

ஒற்றைக் கோழியாக வளர்க்க வேண்டாம். குறைந்தது மூன்று கோழிகள் இருக்கட்டும். கோழி கூட்டத்தில் வாழ்கிற உயிர்.

காற்றோட்டத்துக்கு எவ்வளவு திறப்பு வேண்டும்?

கோழி ஒன்றுக்குச் சுமார் 1 சதுர அடி திறப்பு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. எட்டு கோழிக்கு 8 சதுர அடி. சாமான் கொட்டகையில் இருக்கும் ஒரு சின்ன ஜன்னல் இதற்குக் கிட்டத்தில்கூட வராது. சுவரில் இவ்வளவு பெரிய ஓட்டையா என்று தயங்குவார்கள். தயங்காமல் வெட்டுங்கள். வெப்பமான ஊரென்றால் ஒரு பக்கச் சுவரின் மேல்பாதி முழுவதையுமே எடுத்துவிட்டு வலை அடிக்கலாம்.

எங்கே வெட்டுவது என்பதும் எவ்வளவு வெட்டுவது என்பதைப் போலவே முக்கியம். கோழிகளின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஈரக்காற்று மேலே ஏறும், எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் அதோடு சேர்ந்து ஏறும். அதனால் கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர் சுவர்களில் நீளவாக்கில் திறப்பு இருக்க வேண்டும். கூரை விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்கு அடியிலேயே வெட்டலாம், சாரல் உள்ளே வராது. நீட்டம் இல்லாவிட்டால் திறப்புக்கு மேலே ஒரு பலகையைச் சாய்வாக அடித்துவிடுங்கள்.

கோழி தூங்கும் உயரத்துக்கு நேராகத் திறப்பு வேண்டாம். காற்று அதன் தலைக்கு மேலே போக வேண்டும்.

காற்றோட்டம் போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில், கதவைத் திறந்தவுடனே, உள்ளே போய்க் கம்பின் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால், மூக்கு சுரீர் என்றால், அந்தக் காற்றைத்தான் கோழிகள் இரவு முழுக்கச் சுவாசித்திருக்கின்றன. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்திருந்தாலும் அதே அர்த்தம். இன்னொரு திறப்பு வெட்டுங்கள்.

இவ்வளவு திறந்து வைத்தால் குளிரில் கோழிக்குச் சளி பிடிக்காதா?

கோழி இறகை உப்பவைத்துக்கொண்டு குளிரைத் தாங்கும். கோழியால் தாங்க முடியாதது ஈரம். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் அடைத்த கூண்டில் ஈரம் தங்கி, கொண்டை உறைந்து கருப்பதும் மூச்சு நோய் வருவதும் நடக்கும். மேல்திறப்புகளை எந்தப் பருவத்திலும் மூடாதீர்கள். பனிக்காலத்தில் கீழ் ஜன்னலை மட்டும் மூடினால் போதும்.

சூட்டு விளக்கு தொங்கவிட வேண்டாம். தரையில் பரப்பிய காய்ந்த கூளம், மரச்சுவர், படபடவென்று இறக்கையடிக்கும் கோழிகள். விளக்கு ஒருமுறை கீழே விழுந்தால் போதும், கொட்டகையே எரிந்துபோகும்.

தகரக் கொட்டகை வெயிலில் அடுப்பாகக் காய்கிறதே?

காயும், அதுதான் தகரத்தின் பெரிய குறை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போதே பல கோழிகள் இறக்கையை விரித்து வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஆரம்பிக்கும். கூரையின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், அல்லது கூரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு ஓலையோ நிழல்வலையோ போடுங்கள். அந்த இடைவெளியில் காற்று ஓடுவதுதான் குளிர்ச்சி தரும்.

உட்பக்கம் தெர்மோகோல் ஒட்டினால் அதன் மேல் கட்டாயம் ப்ளைவுட் அடித்து மறையுங்கள். கோழிகள் தெர்மோகோலைத் தேடித் தேடிக் கொத்தித் தின்னும்.

தரை எப்படி இருக்க வேண்டும்?

சிமென்ட் தரை ஏற்கெனவே இருந்தால் அதிர்ஷ்டம்தான். எதுவும் தோண்டிக்கொண்டு வர முடியாது, கழுவலாம்.

மரத்தரையென்றால் மேலே ஒரே துண்டாக வினைல் விரிப்பு போட்டு, நாலு பக்கமும் சுவரில் ஒரு சாண் ஏறும்படி மடித்து அடித்துவிடுங்கள். எச்ச ஈரம் பலகைக்குப் போகாது, வாரி எடுப்பதும் சுலபம். மரத்தரைக்கு அடியில் இருக்கும் இடைவெளியையும் கவனியுங்கள். நாலைந்து அங்குலம் மட்டும் இருந்தால் எலி அங்கே குடித்தனம் வைக்கும். ஒன்று, கல் அடுக்கி ஒரு அடியாவது தூக்குங்கள், அப்போது வெளிச்சம் படும், பூனையும் போய் வரும். இல்லாவிட்டால் சுற்றி வலையடித்து முழுக்க அடையுங்கள்.

மண்தரை என்றால் சுற்றிலும் வலை புதைக்காமல் ஒரு கோழியைக்கூட உள்ளே விடாதீர்கள்.

கடையில் கோழிவலை என்றே விற்கிறார்கள், அது போதாதா?

போதாது. அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்தும், அவ்வளவுதான். நாய் அதைப் பல்லால் கிழிக்கும். எலியும் பாம்பும் அந்தக் கண்ணுக்குள்ளேயே நுழைந்துவிடும். மரநாய் மாதிரி விலங்குகள் கண் வழியாகக் கையை விட்டு, வலையோரம் தூங்கும் கோழியைப் பிடித்து இழுப்பதும் உண்டு.

வாங்க வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள, துத்தநாகப் பூச்சுள்ள வெல்ட் மெஷ். விலை கூடுதலாக இருக்கும். மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம், பழைய கதவுப் பலகையிலேயே முட்டைப் பெட்டி செய்யலாம். வலையில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அடிக்கும் விதமும் முக்கியம். ஸ்டேப்ளர் பின்னை மட்டும் நம்பினால், நாய் இரண்டு முறை மோதினாலே பின் கழன்றுவிடும். வலையைத் திறப்பைவிட இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டி, அரையடிக்கு ஒன்றாக அகலமான வாஷர் போட்டு ஸ்க்ரூவால் முடுக்குங்கள். அதன் மேல் ஒரு மரப்பட்டியலை வைத்து அடித்தால் இன்னும் பலம், வெட்டிய கம்பி முனைகளும் மறைந்துவிடும். ஜன்னல், காற்றுத் திறப்பு, கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து என எதையும் விடக் கூடாது. பகலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருட்டில் நில்லுங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கோடாகத் தெரிகிறதோ, அங்கெல்லாம் சந்து இருக்கிறது. உங்கள் சுண்டுவிரல் நுழைகிற சந்து எல்லாவற்றையும் அடையுங்கள்.

தோண்டி வருகிற விலங்குக்கு, கொட்டகையைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, சுவரோடு இணைத்து, மேலே மண் போட்டு மூடுங்கள். செங்குத்தாகக் குழி தோண்டிப் புதைப்பதைவிட இது எளிது, நன்றாகவும் வேலை செய்யும். நாயும் நரியும் சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை தட்டுப்படும். ஒன்றரை அடி பின்னால் போய்த் தோண்ட அவற்றுக்குத் தோன்றாது.

வேலை முடிந்ததும் விழுந்த ஆணி, ஸ்க்ரூ, கம்பித் துண்டு எல்லாவற்றையும் காந்தம் வைத்துப் பொறுக்குங்கள். பளபளப்பாக எது கிடந்தாலும் கோழி விழுங்கும்.

கதவுக்கு என்ன செய்ய வேண்டும்?

பெரிய கதவு உங்களுக்கு, சின்னக் கதவு கோழிக்கு. சின்னக் கதவு 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம் இருந்தால் போதும். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து ஆறேழு அங்குலம் மேலே இருக்கட்டும், கோழி சீய்க்கும்போது கூளம் வெளியே கொட்டாது. பெரிய கதவு நிலையிலும் அதே காரணத்துக்காக, கழற்றி மாட்டும்படி ஒரு குறுக்குப் பலகை வையுங்கள்.

வெறும் கொக்கித் தாழ்ப்பாளை நம்பாதீர்கள். தூக்கி, அப்புறம் இழுத்தால்தான் திறக்கும் தாழ்ப்பாள், அல்லது கொண்டியில் ஒரு ஸ்பிரிங் கொக்கி. தானாக மூடும் கதவு வாங்கினாலும் முதல் சில வாரங்களுக்கு அந்தியில் போய் எண்ணிப் பாருங்கள். இருட்டிய பிறகு வெளியே மாட்டிக்கொண்ட கோழி, காலைவரை தப்பிப்பது அரிது.

உட்காரும் கம்பு எப்படி அமைப்பது?

கோழிக்கு 10 அங்குல நீளம் கணக்கு. இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தின் விளிம்புகளை இழைத்து உருட்டையாக்கினால் போதும். பி.வி.சி. குழாய் வழுக்கும், இரும்புக் குழாய் குளிரில் சில்லிடும், வெயிலில் சுடும்.

தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி. கனமான கோழி இனமென்றால் ஒன்றரை அடி போதும், உயரத்திலிருந்து குதித்து உள்ளங்காலில் அடிபட்டால் சீழ்க்கட்டி வரும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில் இருந்தால் நல்லது. படிப்படியாக வைத்தால் மேல்படிக்குச் சண்டை நடக்கும், கீழே இருப்பதன் முதுகில் எச்சமும் விழும்.

கம்பை ஆணியடித்து நிரந்தரமாக்காதீர்கள். U வடிவத் தாங்கியில் வைத்து எடுக்கும்படி செய்யுங்கள். காரணம் உண்ணி பற்றிய கேள்வியில் வருகிறது.

முட்டைப் பெட்டி எத்தனை?

நாலைந்து கோழிக்கு ஒன்று. எல்லாப் பக்கமும் 12 அங்குலம், வாயில் நாலு அங்குலத் தடுப்பு, உள்ளே மெத்தென்று வைக்கோல். கொட்டகையின் இருட்டான மூலை பொருத்தமான இடம். எத்தனை பெட்டி வைத்தாலும் எல்லாக் கோழிகளும் ஒரே பெட்டிக்கு வரிசையில் நிற்கும் நாள்கள் உண்டு, அது இயல்புதான்.

கோழிகள் கம்பை விட்டுவிட்டுப் பெட்டிக்குள்ளேயே தூங்குகின்றனவே?

கம்பைவிடப் பெட்டி உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். கோழி உயரமான இடத்தைத்தான் படுக்கையாக எடுக்கும். பெட்டியை இறக்குங்கள், ஒரு வாரத்துக்கு அந்தியில் பெட்டி வாயை மறையுங்கள். காலையில் முட்டையிடும் நேரத்துக்கு முன் திறந்துவிட மறக்காதீர்கள்.

தரையில் என்ன பரப்புவது? நாற்றம் வராமல் எப்படிப் பார்ப்பது?

மரச்சீவல், உமி, நறுக்கிய வைக்கோல், சருகு, எது காய்ந்து கிடைக்கிறதோ அது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தொடவே வேண்டாம், அதன் தூசி கோழியின் நுரையீரலில் போய் வளரும். செய்தித்தாள் வழுக்கும், குஞ்சுகளின் கால் விலகிப்போகும்.

கூளத்தை அடிக்கடி வாரிக் கொட்டாமல் மேலே மேலே சேர்த்துக்கொண்டு போகும் ஆழ்கூள முறை கொட்டகைக்கு நன்றாக ஒத்துவரும். முதலில் ஆறு அங்குலம் பரப்புங்கள். வாரம் ஒரு முறை கிளறிவிட்டு, மேலே கொஞ்சம் புதிதாகத் தூவுங்கள். கைநிறைய அள்ளிப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். அந்த இடத்தை அள்ளிவிட்டுக் காய்ந்தது போடுங்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

கம்புக்கு அடியில் ஒரு அகலப் பலகை வைத்து இரவு எச்சத்தை மட்டும் தினமும் காலையில் சுரண்டி எடுத்தாலே நாற்றத்தில் பெரும்பங்கு போய்விடும். ஐந்து நிமிட வேலை. அள்ளிய எச்சத்தைப் பச்சையாகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகும். சருகோடு சேர்த்துச் சில மாதம் மக்கவையுங்கள்.

மரக் கொட்டகையில் உண்ணி வரும் என்கிறார்களே?

வரும். மாற்றிய மரக் கொட்டகையின் உண்மையான பகைவன் சிவப்பு உண்ணிதான். விலங்கு வந்தால் மறுநாளே தெரிந்துவிடும். உண்ணி வந்தது மாதக் கணக்கில் தெரியாது. பகலில் கோழியைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அது பகலெல்லாம் மரச்சந்தில், கம்பின் முனையில், பலகைகள் சேரும் இடத்தில் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பிவிடும். வெப்பக் காலத்தில் ஒரே வாரத்தில் ஒரு தலைமுறை முழுமையடைந்துவிடும். இரையே இல்லாமல் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், கூண்டைக் கொஞ்சநாள் காலியாகப் போட்டுவைப்பதும் பயன் தராது.

கண்டுபிடிக்க, இருட்டி ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சும் ஒரு வெள்ளைக் காகிதமும் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பின் அடிப்பக்கத்தில், முனைக்கு அருகில், காகிதத்தை அழுத்தி ஒரு இழுப்பு இழுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அது நசுங்கிய உண்ணி. பகலில் பார்த்தால், கம்பு தாங்கியில் உட்காரும் இடத்தில் மிளகுத்தூளும் உப்பும் கலந்து கொட்டியது போல ஒரு சாம்பல் பொடி தெரியும். கோழிகள் அந்தியில் உள்ளே வர மறுப்பதும், கொண்டை வெளுப்பதும், முட்டை குறைவதும் அறிகுறிகள்.

தடுக்க, கோழி வருவதற்கு முன்பே வேலை செய்யுங்கள். உட்சுவரின் எல்லாச் சந்துகளையும் சீலன்ட் வைத்து அடைத்து, அதன் மேல் சுண்ணாம்பு இரண்டு பூச்சு. கூரையில் தார் அட்டை இருந்தால் அதற்கு அடியில் அவை கோடிக் கணக்கில் சேரும், எட்டவே முடியாது. அதைக் கழற்றிவிட்டு நெளிதகடு போட்டுவிடுங்கள். வந்துவிட்டால், கழற்றக்கூடிய கம்பை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுங்கள், தாங்கிகளையும் சேர்த்து. ஐந்தாறு நாள் கழித்து மறுபடி. முதல் தடவை தப்பிய உண்ணி முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். மருந்து தெளிப்பதென்றால் முட்டைக்கோழிக்கு எது பாதுகாப்பு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

கோழிக்கு மண்குளியல் இடம் கட்டாயம் வேண்டும். காய்ந்த மண்ணும் கொஞ்சம் சாம்பலும் கலந்து ஒரு பெரிய தொட்டியில், மழை படாத இடத்தில் வையுங்கள். இறகிலேயே தங்கும் பேனைக் கோழி அதில் தானே பார்த்துக்கொள்ளும்.

தண்ணீரும் தீவனமும் உள்ளேயா, வெளியேயா?

முடிந்தவரை வெளியே, கூரைக்கு அடியில். உள்ளே தண்ணீர் வைத்தால் கூளம் நனையும். முட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் தீவனம் தின்னும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகும். இரண்டு பாத்திரமும் கோழியின் முதுகு உயரத்தில் இருந்தால் சீய்த்துக் கொட்டாது. மூட்டையை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக்கை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

உள்ளே விளக்கு போடலாமா?

முட்டைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். பகல் குறுகும் காலத்தில் முட்டை குறைவது அதனால்தான். விளக்கு போடுவதென்றால் விடியலுக்கு முன் எரியும்படி டைமர் வையுங்கள். மாலையில் போட்டால், திடீரென்று அணையும்போது கோழிகள் கம்பு ஏற வழி தெரியாமல் இருட்டில் தரையிலேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால், விளக்கு வேண்டாம். முட்டை குறையும் அந்த ஓய்வுக் காலத்தில் கோழி பழைய இறகை உதிர்த்துப் புதிது போட்டுக்கொள்ளும். வீட்டுக்கு நாலு முட்டை குறைவதில் ஒன்றும் போய்விடாது.

பாதிக் கொட்டகையில் சாமான் வைத்துக்கொள்ளலாமா?

வைக்கலாம், நடுவில் மேலிருந்து கீழ்வரை பலகைத் தடுப்பு இருந்தால். வலைத் தடுப்பு மட்டும் போட்டால் கோழித் தூசி எல்லாவற்றின் மேலும் படியும். செதிலும் இறகுத்துகளும் கூளமுமாக அந்தத் தூசி ஏராளமாக வரும். உரம், பூச்சிமருந்து, பெட்ரோல் மட்டும் அந்தப் பாதியிலும் கூடாது.

தடுப்பில் முட்டைப் பெட்டிகளைப் பதித்து, பின்பக்கம் மூடி வைத்தால், சாமான் பக்கத்தில் நின்றே முட்டை எடுத்துக்கொள்ளலாம். பிரித்த கொட்டகையின் மிகப்பெரிய வசதி இதுதான்.

அனுமதி ஏதாவது வேண்டுமா?

ஊருக்கு ஊர் விதி வேறு. எத்தனை கோழி, சேவலுக்கு அனுமதி உண்டா, பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள், பிறகு ரம்பத்தை எடுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க மட்டும்தான் தேவை.

கோழிகளைக் கொண்டுவந்ததும் என்ன செய்வது?

மாலையில், இருட்டும் நேரத்தில், கையால் தூக்கிக் கம்பிலேயே உட்கார வையுங்கள். பிறகு ஒரு வாரம் வெளியே விடாதீர்கள். இந்த ஒரு வாரம் மட்டும் தீவனமும் தண்ணீரும் உள்ளேயே இருக்கட்டும். இதுதான் நம் வீடு என்று அவற்றுக்குப் பதிய அவ்வளவு நாளாகும். எட்டாம் நாள் மாலையில், அடைவதற்கு ஒரு மணி நேரம் முன் சின்னக் கதவைத் திறந்துவிடுங்கள். தூரம் போக நேரம் இருக்காது, வெளிச்சம் மங்கியதும் தானாகவே திரும்பிவிடும். ஒன்றிரண்டு மரத்திலோ வேலியிலோ ஏறி உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். இருட்டிய பிறகு போய் மெதுவாக எடுத்துக் கம்பில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் அதுவும் பழகிவிடும்.